யாரையும் கூப்பிடாத ராணி அக்கா

என்னுடையது மேற்கு மாம்பலத்துத் தொண்டை. மாடியில் நின்றபடி தெருக்கோடியில் போகிற கீரைக்காரியை நிறுத்திப் பழகியது. டெக்சாஸுக்கு வந்த பிறகு அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. இங்கே யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் வந்து நின்று "எக்ஸ்க்யூஸ் மீ" என்று முனகுகிறார்கள். அதனால் ஆஸ்டினில் ராணி அக்காவின் லஞ்ச் கடைக்கு முதல் தடவை போனபோது எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. சாப்பாடு ரெடியானதும் அக்கா வாயைத் திறக்காமல் கவுண்டரில் இருந்த மணியை ஒரு தட்டு தட்டினார். இதுவும் இந்த ஊர் நாகரிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அது தொண்ணூற்று நான்கு. நான் ஒரு அரசாங்க ஆபீசில் கான்ட்ராக்ட் புரோகிராமர். வீட்டுக்காரருக்கு பிளானோவில் வேலை, எனக்கு ஆஸ்டினில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃப்ரீவேயில் வடக்கே ஓட்டி, ஞாயிற்றுக்கிழமை தெற்கே ஓட்டி, குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம். ஆஸ்டின் என்றால் டெக்சாஸின் தலைநகரம். அந்த ஊருக்கு நடுமுதுகு காங்கிரஸ் அவென்யூ. ஆற்றுப் பாலத்தில் ஆரம்பித்து, அகலமாக, ஒரு வளைவு இல்லாமல், நேரே சட்டசபைக் கட்டடத்தின் குவிமாடத்தில் போய் முட்டும். ரோட்டின் எந்த இடத்தில் நின்றாலும் அந்தக் குவிமாடம் நம்மையே பார்க்கும். யாருக்கு அரசாங்கத்தின் மேல் என்ன கோபம் வந்தாலும் அந்த ரோட்டில்தான் கொடி பிடித்துக்கொண்டு போவார்கள்.

அக்காவின் கடை அந்த ரோட்டில் ஒரு பழைய ஆபீஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. சூப், சாண்ட்விச், காப்பி. வெங்காயத்தைச் சீனியும் மிளகாயும் போட்டு வதக்கின சீனிச் சம்பலை, அக்கா பாண் என்று சொல்லுகிற பிரெட் நடுவில் வைத்துக் கொடுப்பார். வெள்ளைக்காரர்கள் மூக்கில் தண்ணீர் வழிய அதைத் தின்றுவிட்டு மறுநாளும் வருவார்கள். முழுப் பெயர் ராஜராணி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கல்யாணமாகி கொழும்புக்குப் போனவர். ஆஸ்டினில் டாக்டராக இருக்கும் அவருடைய அண்ணன்தான் அவரையும் மகனையும் இங்கே வரவழைத்து, இந்தக் கடையையும் வைத்துக் கொடுத்தார். மகன் கஜமுகன், சுருக்கமாகக் கஜன், இங்கேயே யூனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்தான். நல்ல உயரம், வீட்டில் பாதித் தமிழ், வெளியே முழு அமெரிக்கன்.

எனக்கு அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் சோறு இறங்காது. அக்காவின் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் கனமான தாலிக்கொடி. பேச்சில் எப்போதும் ஒரு "இவர்" வருவார். "இவருக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளாது." "இவர் சிங்களம் நல்லாக் கதைப்பார்." ஆனால் அந்த இவரை நான் பார்த்ததே இல்லை. கொழும்பில் விசாவுக்குக் காத்திருக்கிறார் போல என்று நானே முடிவு பண்ணி, ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"ஏன்க்கா, அவருக்கு ஸ்பான்சர் பண்ணலாமே? உங்களுக்குத்தான் கிரீன் கார்டு இருக்கே."

அக்கா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார். "எங்கை இருக்கிறார் எண்டு தெரிஞ்சால்தானே பிள்ளை."

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் வெளியே போனவர். திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவ்வளவோடு அக்கா அந்தப் பேச்சை விட்டுவிட்டார், நானும் விட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக என் கண்ணில் பட ஆரம்பித்தது. அக்கா ஆட்களைக் கூப்பிடவே மாட்டார். யாராவது குடையை மறந்துவிட்டுப் போனால், "ஹலோ" என்று ஒரு குரல் கொடுத்தால் முடிந்துபோகிற காரியத்துக்கு, ஏப்ரனோடு ரோட்டில் ஓடி, தோளைத் தொட்டுக் கொடுத்துவிட்டு மூச்சிரைக்க வருவார். கஜன் கடைக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றால், அவன் பார்க்கிற வரைக்கும் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். "ஒரு சத்தம் போடக் கூடாதாக்கா? தொண்டையை என்ன லாக்கர்ல வெச்சிருக்கீங்களா?" என்று கிண்டல் பண்ணுவேன். சிரிப்பார்.

இன்னொன்றும் உண்டு. நாங்கள் சேர்ந்து நடந்தால், ஒவ்வொரு குறுக்குத் தெரு வந்ததும் அக்காவின் தலை மேற்கே திரும்பும். அங்கே ஒன்றும் இருக்காது. பார்க்கிங் கட்டடங்கள், தூரத்தில் கொஞ்சம் மேடு. கொழும்பில் காலி வீதி என்கிற பெரிய ரோட்டில் நடந்தால், மேற்கே ஒவ்வொரு குறுக்கு ஒழுங்கையின் முடிவிலும் கடல் தெரியுமாம். அவர்கள் குடியிருந்தது அந்த வீதியில், வெள்ளவத்தையில்.

"இங்க ஏதுக்கா கடல்?" என்றேன்.

"தெரியும் பிள்ளை. கழுத்துக்குத் தெரியேல்லை."

அந்தப் பார்வையில் கடலைத் தேடுகிற பார்வை இல்லை என்று எனக்கு உள்ளே ஏதோ சொன்னது. ஓர் ஆளைத் தேடுகிற மாதிரி இருந்தது. உச்சி வெயிலில், ஜனங்கள் காப்பிக் கோப்பையோடு போய்க்கொண்டிருக்கிற ரோட்டில், நானும் அந்தத் தெருவைத் திரும்பிப் பார்த்தேன்.

தொண்ணூற்று ஐந்து பிறந்ததும் டாக்டர் அண்ணன் கடைக்கு அடிக்கடி வர ஆரம்பித்தார். வந்தால் கதவோரத்து மேசையில் உட்கார்ந்து ஒரே பேச்சுத்தான். காணாமல் போனவர் பன்னிரண்டு வருஷமாகியும் வராவிட்டால், தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து, அதையே அவராக வைத்து எரித்துக் காரியம் செய்துவிட வேண்டும். ஹூஸ்டனில் இருந்து ஐயரை வரவழைக்கிறேன், என் வீட்டுப் பின்பக்கத்தில் செய்துகொள்ளலாம் என்றார்.

"இந்த ஜூலையோடை பன்னிரண்டு வருசம் முடியுது ராணி. இனியும் செய்யாமல் விட்டால் அவருக்கும் நிம்மதியில்லை, உனக்கும் இல்லை."

"அவர் செத்தவர் எண்டு சொல்ல நான் ஆர் அண்ணை?" என்பார் அக்கா. அத்தோடு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவார்.

எனக்கு அந்த டாக்டர் மேல் எரிச்சலாக வந்தது. ஒரு பொம்பளை பொட்டோடும் தாலியோடும் இருப்பதில் இவருக்கு என்ன நஷ்டம்? நம்பிக்கையோடு இருக்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டுமே. நான் அப்போது அதை நம்பிக்கை என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வசந்தத்தில் மாணவர்கள் ஃபீஸ் உயர்வை எதிர்த்து ஓர் ஊர்வலம் ஏற்பாடு செய்தார்கள். பாலத்தில் ஆரம்பித்து அவென்யூ வழியாகச் சட்டசபை வரைக்கும். கஜனும் போகிறேன் என்றான். அக்கா வேண்டாம் என்றார்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ மார்ச். போலீஸே கூட வருவாங்கள். ஒண்டும் நடக்காது."

"ஒண்டும் நடக்காது எண்டுதான் எல்லாரும் சொல்லிப்போட்டுப் போறது."

அவன் போய்விட்டான். பத்தொன்பது வயசு, எப்படி அடங்கி இருப்பான்?

அன்றைக்கு மத்தியானம் நான் கடையில் இருந்தேன். முதலில் சத்தம் மட்டும் வந்தது. ஒரே தாளத்தில் நூற்றுக்கணக்கான பேர் கத்துகிற சத்தம், பாலத்துப் பக்கம் இருந்து மெதுவாக ஏறி வந்தது. கண்ணாடி அதிர்ந்தது. அக்கா கவுண்டரை விட்டு வந்து கண்ணாடி ஓரமாக நின்றார், நேராக இல்லாமல் சுவரோடு ஒட்டி, ஒரு கண் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி. பிள்ளைகள் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கடந்து போனார்கள். எதிர்ப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒருத்தன் போனான். முதுகுதான் தெரிந்தது. அக்காவின் வாயிலிருந்து ஒரு காற்று மட்டும் வந்தது. உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

கஜன்தான் அது. கடையைத் தாண்டிப் போகிறான், அம்மா பக்கம் திரும்பவில்லை. இவ்வளவுக்கா இந்தப் பாடு என்று நினைத்தேன். கதவைத் திறந்து, பிளாட்பாரத்தில் நின்று, நாலு வருஷமாகச் சும்மா கிடந்த தொண்டையைத் திறந்தேன்.

"டேய் கஜா!"

அவன் சட்டென்று திரும்பினான். அவனைச் சுற்றி இருந்த நாலைந்து பேரும் திரும்பினார்கள். கஜன் கையை ஆட்டினான்.

பின்னால் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. அக்கா கண்ணாடி ஓரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் வளையல் உள்ளே பதிந்தது. "கூப்பிடாதை. கூப்பிடாதை பிள்ளை" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். கடையில் இருந்த ஒன்றிரண்டு பேரும் சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே போனார்கள். தண்ணீர் கொடுத்தேன். ஊர்வலம் கடந்து, ரோடு அமைதியான பிறகு, தரையில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"எங்கடை கண்ணாடிக் கடை காலி வீதியிலை. மேல்மாடியிலை வீடு. அண்டைக்குக் காலமை ஊரெல்லாம் புகை. பிள்ளைக்குப் பாண் வேணும் எண்டு இவர் வெளிக்கிட்டவர். நெத்தியிலை இருந்த திருநீறை அழிச்சுப்போட்டு, நான் வருமட்டும் வெளியிலை எட்டிப் பாக்காதை எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர். அவருக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு. ஆளைப் பாத்தா ஒருத்தரும் தமிழன் எண்டு சொல்லமாட்டினம்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தன். ஜன்னலிலை என்ரை பக்கத்திலை கஜனும் நிண்டவன். எதிர்ப் பக்கத்தாலை வாறார், வெள்ளைச் சட்டை, கையிலை பாண். ஒரு கூட்டத்துக்குள்ளை, அவங்களோடை சேந்து நடந்து வாறார். கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு வாறார். எங்கடை வீட்டுக்கு நேரை வந்திட்டு, நிக்காமல் தாண்டிப் போறார். எனக்கு விளங்கேல்லை பிள்ளை. பின்பக்கத்தாலை வாறதுக்குத்தான் போறார் எண்டு இப்ப விளங்குது. அப்ப, வீட்டை விட்டுட்டுப் போறாரே எண்ட பதட்டத்திலை கூப்பிட்டுட்டன்."

எப்படிக் கூப்பிட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"இஞ்சாருங்கோ எண்டு. நான் அவரை அப்பிடித்தான் கூப்பிடுறது. பேர் சொல்லுறேல்லை. கலியாணம் கட்டின நாள் தொடக்கம் அந்தச் சொல்லுத்தான். அந்தச் சொல்லைக் கேட்டா நித்திரையிலும் திரும்புவார். அண்டைக்கும் திரும்பினவர். அவரோடை வந்தவங்களும் திரும்பினவங்கள். முதல் என்னைப் பாத்தாங்கள். பிறகு அவரைப் பாத்தாங்கள்."

தமிழில் கூப்பிட்ட ஒரு சொல். அதற்குத் தலை திரும்பினது மட்டும்தான் அந்த மனுஷர் செய்த தப்பு. வீட்டுப் பக்கம் ஓடி வந்திருந்தால் கூட்டமும் வீட்டுக்கு வந்திருக்கும். அவர் பாணைப் போட்டுவிட்டு எதிர்ப் பக்கம் ஓடினார், கடலுக்குப் போகிற ஒழுங்கைக்குள். கூட்டம் பின்னால் ஓடியது. அதுதான் அக்கா கடைசியாகப் பார்த்தது. பின்வீட்டுச் சிங்களக் குடும்பம் மதிலைத் தாண்டி வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் ஒளித்து வைத்திருக்கிறது.

"காரியம் செய்தா அவர் செத்தவர் எண்டு ஆகும். செத்தவர் எண்டா, நான் கூப்பிட்டதாலை செத்தவர். இப்ப வரைக்கும் அவர் காணாமல் போனவர். அவ்வளவுதான் பிள்ளை. அந்த அளவோடை இருக்கட்டும் எண்டுதான் நான்..."

பொட்டு, தாலி, மணி, மேற்கே திரும்புகிற கழுத்து எல்லாம் நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்த என் புத்தியை என்னவென்று சொல்ல. இந்த மனுஷி நம்பிக்கையில் காத்துக்கொண்டிருக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாகப் பயந்து ஒளிந்துகொண்டிருக்கிறாள்.

கதவருகில் கஜன் நின்றுகொண்டிருந்தான். ஊர்வலத்தை விட்டு எப்போது வந்தான் என்று தெரியாது. கையில் இருந்த அட்டையைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, அம்மாவுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு அம்மா. ஐ வாஸ் தேர். அப்பா திரும்பிப் பாத்தது உங்களை. பிறகு என்னைப் பாத்தவர். பிறகுதான் ஓடினவர்."

"ஏன்டா ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீங்க சொல்லேல்லை. அதாலை நானும் சொல்லேல்லை." அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "எனக்கு அப்பாக்குச் செய்யோணும் அம்மா. உங்கட ஹஸ்பெண்ட் மட்டும் இல்லை, எனக்கு அப்பா" என்றான். சொல்லும்போது குரல் உடைந்து, ஏழு வயசுப் பிள்ளையின் குரலாக வந்தது.

ஒரே வீட்டில், ஒரே ஜன்னலை இரண்டு பேரும் தனித்தனியாக நெஞ்சில் சுமந்துகொண்டு, ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறார்கள். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

பல வாரம் அக்கா எப்போதும்போல மணியைத் தட்டிக்கொண்டிருந்தார். ஜூலை பிறந்த பிறகு ஒருநாள், சூப்பைக் கலக்கிக்கொண்டே, "செய்யலாம் எண்டு அண்ணைக்குச் சொல்லிட்டன்" என்றார். "ஆனா அதுக்கு முன்னம் ஒரு வேலை இருக்கு. நீ வரோணும். கஜன் வேண்டாம்."

காரியம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரரிடம் இந்த வாரம் பிளானோவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் அக்காவைக் கூட்டிக்கொண்டு காங்கிரஸ் அவென்யூவுக்குப் போனேன். வாரநாளில் ஜே ஜே என்று இருக்கிற ரோடு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் அரவமே இல்லாமல் கிடக்கும். சிக்னல்கள் யாருக்கென்று தெரியாமல் பச்சையும் சிவப்புமாக மாறிக்கொண்டிருந்தன. அக்கா புதுப் புடவை கட்டி, பொட்டை எப்போதையும்விடப் பெரிதாக வைத்திருந்தார். கடைக்கு எதிரே காரை நிறுத்தச் சொன்னார்.

"எதுக்குக்கா இங்க?"

"கூப்பிடப் போறன்."

எனக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அக்கா பொறுமையாகச் சொன்னார். "அவரைப் பேர் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பொஞ்சாதி பேர் சொல்லிக் கூப்பிட்டா அவருக்குக் கோவம் வரும். எங்கை இருந்தாலும், அந்தக் கோவத்துக்கு எண்டாலும் திரும்பிப் பாப்பார். இதுக்கும் திரும்பாட்டி அவர் இல்லை."

"அதை வீட்டிலேயே..."

"இல்லைப் பிள்ளை. ரோட்டிலை கூப்பிட்டுத்தான் துலைச்சனான். ரோட்டிலைதான் கூப்பிடோணும். இந்த ரோட்டிலை அவரின்ரை பேரைச் சொன்னா ஒருத்தனும் கத்தியோடை வரமாட்டான்."

இறங்கினார். நானும் இறங்கி, காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா நடைபாதையில் இருந்து ரோட்டுக்கு இறங்கி, வெள்ளைக் கோடு போட்ட இடத்தின் நடுவில் போய் நின்றார். எதிரே அவ்வளவு நீளத்துக்கு வெறும் ரோடு, கடைசியில் குவிமாடம். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது பழைய சொல்தான், "இஞ்சாருங்கோ" என்று, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில். உடனே இல்லை என்பது போல் தலையை ஆட்டினார். புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அரியரட்ணம்."

அவ்வளவு பெரிய குரல் அந்தச் சின்ன உடம்புக்குள் இருந்திருக்கிறது. இரண்டு பக்கமும் இருந்த உயரமான கட்டடங்களில் பட்டு, அந்தப் பெயர் ரோட்டின் மேலே போய், கொஞ்சம் தேய்ந்து, எங்கள் பக்கமே திரும்பி வந்தது. நான் இதுவரைக்கும் கேட்டே இராத பெயர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒவ்வொரு குறுக்குத் தெரு முனையிலும் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் ஓர் ஆள் பாணோடு வந்து நின்று, "என்ன, பேர் சொல்லுறாய்?" என்று கேட்பார் என்று என் மனசு உறுதியாக நம்பியது.

ஒருவரும் வரவில்லை. ரொம்பத் தூரத்தில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்திருந்த ஒரு கிழவர்கூடத் தலையைத் தூக்கவில்லை.

அக்கா காத்திருந்தார். சிக்னல் மாறி மாறி விழுந்துகொண்டே இருந்தது. ஒரு பஸ் வந்து, அவர் நடுவில் நிற்பதைப் பார்த்து நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. அக்கா அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விலகி வந்தார். காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, மடியில் கையை வைத்தார்.

"அண்டைக்கு ஒருக்காக் கூப்பிடாமல் விட்டிருந்தா, இண்டைக்கு இப்பிடிக் கூப்பிட வேண்டி வந்திருக்காது என்ன பிள்ளை?"

இல்லைக்கா என்று சொல்லியிருக்கலாம். உங்கள் தப்பு இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அக்கா அழவில்லை. என் முதுகைத் தடவிவிட்டார்.

"அழாதை. நேரம் போகுது, காரை எடு பிள்ளை. ஐயர் வந்து பாத்துக்கொண்டிருப்பார். என்ரை பிள்ளையும் தகப்பனுக்காகக் காத்துக்கொண்டிருப்பான்."